வாயை மூடிய தவளைகள்

செங்குளத்தில் அன்று தேர்தல்!

கோடை வந்தால் குளம் வற்றிவிடும். நடுவில் இருக்கும் மடுவில் மட்டும்தான் தண்ணீர் நிற்கும். அந்த மடுவுக்குக் காவல் யார் என்பதுதான் போட்டி. ஒரு பக்கம் கொக்கு, மறுபக்கம் நண்டு. கொக்கு ஜெயித்தால் தவளைக் குஞ்சுகளின் கதி என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமா!

மத்தளி என்ற தவளைக்கு அந்த மடுவில் முந்நூறு தலைப்பிரட்டைகள். "நண்டு அண்ணனுக்கே காவல்!" என்று விடிந்ததிலிருந்து அவள் கத்திக்கொண்டிருந்தாள். கூடவே கரை முழுக்கத் தவளைகள். காது கிழிந்தது.

ஓட்டுப் போடுவது எளிதுதான். மருதமரத்தடியில் கொக்குக்கு ஒரு பாறை, நண்டுக்கு ஒரு பாறை. ஆளுக்கொரு கூழாங்கல்லைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். மரத்தின் நிழல் தண்ணீரைத் தொட்டால் நேரம் முடிந்தது. நடுவர் ஆமை. ஆனால் தவளைகள் கல்லை வாயில்தான் கவ்வ வேண்டும். கவ்வினால் கத்த முடியாதே! "இன்னும் கொஞ்சம் கத்திவிட்டுப் போகலாம்" என்று ஒவ்வொன்றும் இருந்துவிட்டது.

கொக்கு மெல்ல நடந்து வந்தது. "அடடா, என்ன தொண்டை! எனக்கே பயமாக இருக்கிறது. நிறுத்திவிடாதீர்கள், கத்துங்கள்!"

தவளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் பலமாகக் கத்தின.

மத்தளிக்கு மட்டும் சுருக்கென்றது. எதிராளி எதற்கு நம்மை உற்சாகப்படுத்த வேண்டும்? பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கொக்குகளும் நாரைகளும் நீர்க்காகங்களும் சத்தமில்லாமல் வரிசையில் நின்றன. கொக்கின் பாறையில் கல் குவிந்து கிடந்தது. நண்டின் பாறையிலோ நண்டுகளும் நத்தைகளும் வைத்த ஏழெட்டுக் கற்கள்! நிழல் தண்ணீரை நெருங்கிவிட்டது.

"கத்தியது போதும்! ஓட்டுப் போட வாருங்கள்!" என்று அலறினாள்.

அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்? "அப்படிச் சொல்லு மத்தளியக்கா!" என்று பக்கத்துத் தவளை இன்னும் பலமாகக் கத்தியது.

மத்தளி ஒரு கல்லை லபக்கென்று கவ்விக்கொண்டு பாய்ந்தாள்.

குளத்திலேயே பெரிய குரல் சட்டென்று நின்றுபோனது. "மத்தளியக்கா எங்கே?" தவளைகள் திரும்பின. கன்னம் புடைக்க அவள் தாவிப் போவதைப் பார்த்தன. அப்போதுதான் உறைத்தது! லபக்! லபக்! தாவின, விழுந்தன, மறுபடி தாவின! கரையில் ஒரு சத்தம் இல்லை.

கொக்கு பதறி ஓடி வந்தது. "ஏன் நிறுத்திவிட்டீர்கள்? நண்டுக்கே காவல் என்று கத்துங்களேன்!" என்று கெஞ்சியது. ஒரு தவளையும் வாயைத் திறக்கவில்லை.

நிழல் தண்ணீரைத் தொட்டது. ஆமை நிதானமாக எண்ணியது.

"கொக்குக்கு நாற்பத்தொன்று. நண்டுக்கு நாற்பத்திரண்டு!"

மத்தளிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "விடிந்ததிலிருந்து நான் கத்திய கத்தலில் ஒன்றுகூட அந்தப் பாறையில் இல்லையே!" என்றபடி மடுவில் குதித்துத் தன் பிள்ளைகளிடம் போனாள்.

நமக்குப் பிடித்தவருக்காக நாள் முழுக்கக் கத்தினாலும் அது ஓட்டாகாது. நேரத்துக்குப் போய் நாமே போட்டால்தான் ஓட்டு.