தூண்டில் நரம்பில் விழுந்த முறுக்கு

பழவேற்காட்டில் ஏழெட்டுப் படகுகளுக்கு முதலாளி தணிகைவேலு. தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் தன் புது பெயிட்காஸ்டிங் ரீலை நண்பர்களிடம் காட்ட, அவர்களையும் ஏற்றிக்கொண்டு படகோட்டி தேசப்பனோடு ஏரிக்குள் போனார். தண்ணீரில் சுழலும் தகட்டுப் போலி இரையோடு நரம்பும் சேர்ந்து முறுக்காமல் காக்க, நடுவே ஒரு சுழல்வளையம் இருந்தது. “இந்தத் துண்டு எதுக்கு?” என்று கழற்றிப் படகுக்குள் வீசிவிட்டு, இரையை நேராக நரம்பில் கட்டினார்.

மதியத்துக்குள் நரம்பு சுருள்சுருளாக முறுக்கிக்கொண்டது. நண்பர்கள் சிரித்தார்கள். முதலாளி தேசப்பன்மேல் எரிந்து விழுந்தார்.

“எல்லாம் நீ ஓட்டுற லட்சணம்டா. வெட்டாம, உன் கை படாம முறுக்கை எடு. இல்லேன்னா நாளையிலருந்து வேலைக்கு வராதே.”

“சரிங்க முதலாளி. இரையைக் கழட்டிட்டு, நரம்பைத் தண்ணியில விடுங்க.”

தேசப்பன் எஞ்சினை முடுக்கினான். படகு சீறிப் பாய்ந்தது. வெறும் நரம்பு பின்னால் நீண்டு, தண்ணீரில் புரண்டு புரண்டு தானே முறுக்கவிழ்த்தது. முதலாளி சுற்றி எடுத்தபோது கம்பிபோல நேராக வந்தது. நண்பர்கள் கைதட்டினார்கள்.

“இவ்வளவு வேகமா ஓட்டியும் முறுக்கு விழலையே, முதலாளி?” என்ற தேசப்பன், சட்டைப்பையிலிருந்து அந்தச் சுழல்வளையத்தை எடுத்து நீட்டினான். “இதைக் கட்டிக்கிட்டீங்கன்னா, நான் இன்னும் ஒழுங்கா ஓட்டுவேன்.”