அரைஞாணின் அளவு

"டீச்சர், 'விசிட்'டா, 'மீட்'டா, 'சீ'யா?" என்று கேட்டார் சொக்கநாதன்.

வகுப்பில் சேர்ந்த நாள் முதல் இதே கேள்விதான். ஃபர்ஹானாவின் ஆங்கில வகுப்பில் அவர்தான் மூத்த மாணவர். டீச்சரைவிட முப்பத்தைந்து வயது கூடுதல். அறந்தாங்கி தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தவர். வரைவு எழுதி, அதைத் திருத்தி, திருத்தியதையும் திருத்தாமல் ஒரு காகிதம்கூட அவர் கையைவிட்டுப் போனதில்லை.

சிக்கிம் பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று மகனோடு நாலு வருஷம் பேசவில்லை மனுஷன். பேரன் பிறந்ததும் மருமகள் பெமாவே புனேயிலிருந்து கடிதம் போட்டாள், ஆங்கிலத்தில். அவளுக்குத் தமிழ் வராது.

போய் அந்தப் பிள்ளையை ஒருதரம் தூக்கிவிட வேண்டும். அவருக்கு இதைவிட்டால் வேறு ஆசை இல்லை. ஆனால் பதில் மட்டும் இன்னும் போகவில்லை.

'பேரனைப் பார்க்க வருகிறேன்' என்று எழுத 'விசிட்' போட்டால் அதிகாரி சோதனைக்கு வருவதுபோல் இருக்கிறதாம். 'மீட்' என்றால் பஞ்சாயத்துப் பேசப் போவதுபோல. 'சீ' என்றால் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதுபோல.

விடை எழுத ஃபர்ஹானா பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

"பேரனுக்கு என்ன சார் கொண்டு போறீங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து வெள்ளி அரைஞாணை எடுத்தார். முதல் அரைஞாண் தாத்தா கையால் கட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம்.

"எப்பச் செஞ்சது?"

"கடுதாசி வந்த மறுநாளே."

"அப்பப் பிள்ளைக்கு எத்தனை நாள்?"

"இருபது."

"இப்ப?"

சொக்கநாதன் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். எட்டாவது விரலில் நின்றுவிட்டார்.

ஃபர்ஹானா அரைஞாணின் கொக்கியை மாட்டி மேசைமேல் வைத்தாள். சின்ன வட்டம்.

"இனிமே இது இடுப்புல ஏறாது டீச்சர்."

"ஆசாரி வளையம் கோத்துப் பெருசாக்கிக் கொடுப்பார் சார். ஆனா அளவு கேப்பாரே."

அவர் பையில் வைத்திருந்த கடிதத்தின் அடியில் பெமாவின் நம்பர் இருந்தது. சொக்கநாதன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். வரைவு எழுத நேரமில்லை.

"ஹலோ... பேபி... இடுப்பு... ஹவ் மச்?"

"அப்பா?" என்றது அந்தப் பக்கம் ஒரு பெண்குரல்.

"யெஸ்மா."

பெமா சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. நீங்களே வந்து அளந்துகொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஃபர்ஹானா அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தாள்.

சொக்கநாதன் கையமர்த்தினார்.

"புரிஞ்சுது டீச்சர்."