எதிர்க்கரைக்குப் போன அலை

குளத்தின் தென்கரையில் ஒச்சாயி தனியாளாக ஊர்த்துணி வெளுத்துவந்தாள். பேச்சுத்துணைக்குக்கூட யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. ஒருநாள் பண்ணையார் திருமேனிநாதர் வெற்றிலை மென்றபடி ஆட்களோடு வந்து நின்றார்.

"நீ தொட்ட தண்ணி அலையா வந்து எதிர்க்கரையில என் படித்துறையைத் தீட்டாக்குது. இனி ஒரு அலை வந்தாலும் உனக்கு ஊர்ல இடமில்ல!"

சொல்லிவிட்டுச் சக்கையைக் குளத்தில் துப்பினார்.

மிதந்த சக்கைக்குப் பக்கத்தில் ஒச்சாயி ஈரத்துணியை ஓங்கி அடித்தாள். அலை எதிர்க்கரைக்கு ஓடியது. சக்கையோ இருந்த இடத்திலேயே ஏறி ஏறி இறங்கியது.

"பாருங்க சாமி, அலை மட்டுந்தான் அங்க போவுது. நான் தொட்ட தண்ணியும் உங்க எச்சிலும் இங்கயேதான் ஒண்ணாக் கெடக்குது."

ஆட்கள் சிரிப்பை அடக்கினார்கள். பண்ணையார் வாயைத் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

படித்துறையில் மோதிய அலை மெல்லத் திரும்பி வந்து ஒச்சாயியின் காலைத் தொட்டது. எதிர்க்கரையிலிருந்து வந்து அவளைத் தொட்டது அது ஒன்றுதான்.