செல்லாயி வாயால் சொல்லாத கடவுச்சொல்

மணப்பாறையில் முறுக்குக்குப் பஞ்சமா? ஆனாலும் செல்லாயியின் முறுக்கை ஐந்து இணையதளங்கள் வழியே ஊர் ஊராக வாங்கினார்கள். ஐந்துக்கும் ஐந்து கடவுச்சொல். அத்தனையையும் மாவு டின்னின் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருந்தாள் மகராசி! போன தீபாவளிக்கு எவனோ அதைப் படித்துவிட்டு உள்ளே புகுந்து, ஐந்திலும் ‘கடை மூடியிருக்கிறது’ என்று போட்டுவிட்டான். மூன்று நாள் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. டின் டின்னாகச் சுட்டு வைத்த முறுக்கைப் பார்த்து அழுதே விட்டாள்.

இந்தத் தீபாவளிக்கு அப்படி நடக்கவே கூடாது. கடவுச்சொற்களைப் பத்திரமாக வைக்க ஒரு தளம் தேடினாள். ஆளுக்கொரு தளத்தோடு மூன்று பேர் வந்தார்கள். “ஒரே ஒரு சொல்லை நீங்க ஞாபகம் வெச்சா போதும், மத்த அஞ்சையும் நாங்க பாத்துக்கிறோம்” என்றார்கள் இன்பராஜும் ஹரிகரனும். மெஹர் என்ற பெண் மட்டும், “அந்தச் சொல்லை மறந்தீங்கன்னா எங்களாலயும் திறக்க முடியாதும்மா” என்று கூடவே சொன்னாள். இப்படிச் சொல்லிச் சொல்லியே அவளிடம் யாரும் சேரவில்லை, பாவம்.

செல்லாயி மூன்று தளத்திலும் ஒரே சொல்லை வைத்தாள்: வையாபுரி. புருஷன் பேர். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, ‘எங்க வீட்டுக்காரர்’தான். பிறகு யார் காதில் விழப்போகிறது? ஒரு வாரம் கழித்து, சொல் மறந்துவிட்டதாக நடித்து மூவருக்கும் ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

இன்பராஜ் சிரித்தான். “இதுக்குப் போய்க் கவலைப்படலாமா? வையாபுரிதாம்மா!”

ஹரிகரன் அவசரப்படவில்லை. பிறந்த தேதி, கடை முகவரி, கடைசியாக வந்த ஆர்டர் எல்லாம் கேட்டு, பேசுவது செல்லாயிதான் என்று உறுதி செய்துகொண்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, “வையாபுரிங்கம்மா” என்றான்.

“எனக்குத் தெரியாதும்மா” என்றாள் மெஹர். “நீங்க அடிக்கிற சொல் எங்ககிட்ட வந்து சேராது. புதுசா ஒண்ணு வெச்சு, அஞ்சையும் மறுபடி நீங்கதான் ஏத்தணும்.”

“அவசரத்துக்கு உதவாம நீ எதுக்கடி இருக்கே?” என்று செல்லாயி கத்தினாள்.

“மன்னிச்சுக்கோங்கம்மா, முடியாது” என்றாள் மெஹர். வந்த ஒரே வாடிக்கையும் போகிறதே!

ஒருவன் உடனே உதவினான், ஒருவன் விசாரித்து உதவினான், ஒருத்தி கையை விரித்தாள். செல்லாயி யாரை நம்பினாள்? ஏன்? சொல்லுங்கள் பார்க்கலாம்.

விடை: மெஹரைத்தான். நீங்கள் ஹரிகரன் என்றிருப்பீர்கள், பத்தில் எட்டுப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். விசாரித்தானோ இல்லையோ, செல்லாயி யாரிடமும் சொல்லாத பேர் அவன் வாயிலும் வந்ததே! அவனால் படிக்க முடிந்தால் அவனிடம் வேலை பார்ப்பவனும் படிப்பான். அதற்கு மாவு டின்னே தேவலை. அந்தத் தீபாவளிக்கு ஒரு முறுக்குகூட மிஞ்சவில்லை. போன் போட்ட அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வையாபுரிக்கோ வாயெல்லாம் பல்: “முப்பது வருஷமா வாயால சொல்லாத பேரை, தினமும் விரலால சொல்லிக்கிட்டா இருந்தே?” செல்லாயி வெட்கம் தாங்காமல் அன்றைக்கே சொல்லை மாற்றிவிட்டாள். புதுச் சொல் என்னவென்று மனுஷன் இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். எனக்கும் தெரியாது, மெஹருக்கும் தெரியாது.