படகு யாருடையது

ஆற்றங்கரை மடத்தின் தலைவி திலகவதி அம்மை. அவருடைய சீடர் அருணகிரி அவரைவிட வயதில் மூத்தவர். நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்து, மனைவி இறந்தபின் மடத்துக்கு வந்தவர்.

அந்த ஐப்பசியில் துறையில் படகு கவிழ்ந்து ஒருவர் இறந்தார். மறுநாள் பெரிய பத்திரிகையில் செய்தி வந்தது. படகோட்டி சூசை பேராசையில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றினாராம். அன்று மாலையே சூசையைப் போலீஸ் பிடித்துப் போனது. யாரோ அவர் வீட்டுக் கூரையைப் பிய்த்துப் போட்டார்கள்.

அருணகிரி பத்திரிகையோடு அம்மையிடம் வந்தார்.

"சூசையை எனக்குத் தெரியும் அம்மா. இப்படிச் செய்கிற ஆள் இல்லை. பத்திரிகைகளை நம்பலாமா?"

"என்ன நடந்தது?"

"தெரியாது."

"விசாரித்துவிட்டு வாருங்கள். இறந்தவர் வீட்டுக்கும் போங்கள். நடந்ததைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்குத்தான் முதலில்."

அருணகிரி போனார். படகில் பிழைத்தவர்கள் தனித்தனியாக ஒன்றையே சொன்னார்கள். படகு நிறைந்ததும் சூசை போதும் என்று சொல்லி அதை ஆற்றுக்குள் தள்ளியிருக்கிறார். வேலாயுதம் என்பவர் கேட்கவில்லை. கரையிலிருந்து ஓடிவந்து விளிம்பில் குதித்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எல்லோரையும் இழுத்துக் கரையேற்றியது சூசை. வேலாயுதம் மட்டும் கைக்குக் கிடைக்கவில்லை.

வேலாயுதத்தின் மனைவி செல்லக்கிளி கைக்குழந்தையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாமி, எல்லாரையும் பாத்துட்டு வந்தீங்களாமே. எம் புருசன் எப்படிச் செத்தாரு?"

அருணகிரி வாயைத் திறந்தார். குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"யார் மேலயும் தப்பு இல்லைம்மா," என்றார். "படகு பழசு. பலகை விட்டுப்போச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மடத்துக்குத் திரும்பியபோது அருணகிரியின் குரலில் கோபம் இருந்தது.

"அத்தனையும் பொய் அம்மா. நிருபர் ஆற்றங்கரைப் பக்கமே வரவில்லை. துறைக் குத்தகைக்காரர் போனில் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார். தன் மேல் வழக்கு வரக்கூடாது என்று குத்தகைக்காரர் சூசையைக் கைகாட்டிவிட்டார். இனி எந்தச் செய்தியை நம்புவது?"

"அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள்?"

"படகு பழசு என்றேன்."

"பழசா?"

"இல்லை. போன மாசியில் செய்தது."

"பிறகு?"

"அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை."

"படகு யாருடையது?"

"சூசையுடையது," என்றார் அருணகிரி. "படகு பழசு என்றால் பழி அவர் மேல்தான்."

உடனே அவரே தொடர்ந்தார்.

"நான் இரக்கத்தில் சொன்னேன். பத்திரிகைக்காரர்கள் குத்தகைக்காரருக்குப் பயந்து எழுதினார்கள். இரண்டும் ஒன்றா?"

"உங்களுக்கு வேறு வேறுதான். லாக்கப்பில் இருக்கிறவருக்கு?"

அருணகிரி தலை குனிந்தார். ஆனாலும் கேள்வி அவரை விடவில்லை.

"அப்படியானால் பத்திரிகையை நம்பலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள் அம்மா."

"நீங்கள் வருவதற்குச் சற்று முன் செல்லக்கிளியின் தம்பி வந்து போனார். பத்திரிகையில் போட்டதை அவள் நம்பவில்லையாம். நாளைக் காலை ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கிறாள். மடத்துச் சாமி சொன்னதையே சொல்லப் போகிறாளாம்."

அருணகிரி எழுந்தார். மேல்துண்டைக்கூட எடுக்காமல் செல்லக்கிளியின் வீட்டை நோக்கி நடந்தார்.