குளத்தோரம் படர்ந்த சுரை

"குளத்தச் சுத்தி என்ன செடி வெக்கறதுன்னு நீங்கதானுங்கம்மா சொல்லோணும்."

கேட்டவர் சென்னியப்பன். ஒரு நூல் மில்லுக்கு முதலாளி. வயது அறுபத்திரண்டு.

அவர் கைகட்டி நின்றது பரிசல் அம்மையின் குடிசை வாசலில். அம்மைக்கு அவரைவிட இருபது வயசு குறைவு. ஆற்றில் பரிசல் போட்டுப் பிழைத்த குடும்பத்துப் பெண். ஒரு நாள் துடுப்பைச் சாத்தி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவளைத் தேடி யோசனை கேட்கப் பெரிய மனுசர்களும் வந்தார்கள், கூலிக்காரர்களும் வந்தார்கள்.

அம்மை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன குளம்?"

"ஊட்டுக்குப் பின்னால நீச்சல் குளம் கட்டியிருக்கறனுங்க. மகளோட புள்ள அடுத்த முழுப்பரிட்சை லீவுக்கு வருது. குளம் இருந்தாத்தான் வருவேங்குது."

என்ன மாதிரிக் குளம் என்று முடிவு செய்யவே அவருக்கு ஆறு மாசம் பிடித்தது. அச்சில் வார்த்த பைபர் தொட்டியா, காங்கிரீட்டா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார். கடைசியில் காங்கிரீட். ஆழம் மூன்றடிக்கு மேல் ஓர் அங்குலம் கூடாது என்றார். எல்லாரும் நீல டைல்ஸ் போடுவார்கள். இவர் வெள்ளைதான் என்று ஒற்றைக்காலில் நின்றார். அடியில் எது கிடந்தாலும் மேலே நின்று பார்த்தால் தெரிய வேண்டும்.

செடி விஷயம்தான் முடியவில்லை. இலை உதிராத அலங்காரப் பனை வைக்கலாம், ஓரத்தில் புல்தரை போடலாம் என்றார்கள் குளம் கட்டியவர்கள். இவருக்கு முள் வேண்டும். ஒருத்தரும் தாண்ட முடியாத முள்.

"ஊட்டுக்காரம்மா என்ன சொல்றாங்க?"

கருணாம்பாள் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். இதில் தண்ணீர் ரொம்புகிற அன்றைக்கு நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன், தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று. அதை அப்படியே அம்மையிடம் சொன்னார்.

காரணம் அம்மைக்குத் தெரியும். இருபது வருசத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒன்பது வயசு மகன் தினகர் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து செத்துப்போனான்.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"கிணத்து மேட்டுலதானுங்க. கத்திக்கிட்டு நின்னேன்."

"அவங்க?"

"தம்பி ஊட்டுக்குப் போயிருந்தா. இருந்திருந்தா குதிச்சிருப்பா. வாய்க்கால்ல நீந்திப் பழகுனவ."

"நீங்க?"

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"அது அன்னைக்கு. இன்னைக்கு?"

"இன்னைக்கும் தெரியாதுங்க."

அம்மை எழுந்து, கூரையில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே நாலு விதை.

"சுரை. குளத்தச் சுத்திப் படர விடுங்க."

மில்லுக்காரருக்கு முகம் சுருங்கிப் போனது. இத்தனை அழகாகக் கட்டிவிட்டுச் சுரைக்கொடியா, பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா என்று முனகினார்.

"சிரிக்கட்டும். ஒத்தக் காயக்கூடக் கொழம்புக்குப் பறிக்காதீங்க. கொடியிலயே காயட்டும். அது வரைக்கும் குளத்துல தண்ணி விடாதீங்க."

ஆடியில் ஊன்றினார்.

புல்தரை வந்தது. நடைக்கல் பதித்தார்கள். அலங்காரப் பனைகள் வரிசை பிடித்து நின்றன. முள்ளுக்குப் பதிலாகப் போட்ட கம்பிவேலியில் சுரை தன் இஷ்டத்துக்கு ஏறியது. சாயங்காலமானால் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. இது நீச்சல் குளமா, காய்கறித் தோட்டமா என்று வந்தவர்கள் கேலி பேசினார்கள். ஐப்பசி மழையில் நின்ற தண்ணீரை அன்றன்றைக்கே மோட்டார் வைத்து இறைக்கச் சொன்னார்.

அந்தப் பக்கத்து ஜன்னலைக் கருணாம்பாள் திறக்கவே இல்லை.

மார்கழியில் கொடி வாடியது. தை பிறந்தபோது காயெல்லாம் ஓடாகிக் கிடந்தது.

ஒரு நாள் காலையில் ஒரு காயைக் கொடியிலிருந்து அறுத்தார். கனமே இல்லை. ஆட்டிப் பார்த்தார். உள்ளே விதைகள் கலகலவென்றன.

அந்தச் சத்தத்தில் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

தினகருக்கு எட்டு முடிந்து ஒன்பது நடக்கையில், கருணாம்பாள் இதே மாதிரி இரண்டு குடுக்கையைக் காயவைத்து எடுத்து வைத்திருந்தாள். முதுகில் கட்டிவிட்டால் பிள்ளை மிதப்பான், நாலு நாளில் கை கால் அடிக்கப் பழகிவிடுவான், எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் இப்படிப் பழகினதுகள்தான் என்றாள். மில்லுக்காரன் மகன் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் குதிக்கிறதா என்று அதைக் குப்பைமேட்டில் வீசினவர் இவர். விழுந்த இடத்திலேயே இரண்டும் உடைந்தன.

இந்த இருபது வருசத்தில் அவள் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

இன்னொரு காயையும் அறுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

கருணாம்பாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்துக்குப் பக்கத்தில் இரண்டையும் வைத்தார். முறம் நின்றது.

"யாருக்குங்க?"

"எனக்குத்தான் கருணா. நீதான் சொல்லித்தரோணும்."

ஒன்றைக் கையில் எடுத்தாள். விரலால் தட்டிக் கேட்டாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி விரிசல் பார்த்தாள். அடுத்ததையும் அப்படியே. பிறகு துணிக்கொடியில் கிடந்த பழைய சேலையை இழுத்து நீளமாகக் கிழித்தாள்.

"அப்பிடித் திரும்பி நில்லுங்க."

அவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றார்.

அவள் இரண்டு முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். மூன்றாவதும் போட்டாள்.

"இனித் தண்ணியத் தொறந்து விடச் சொல்லுங்க."