உடும்பைக் கட்டிப்பிடித்த கருமந்தி

மலைச்சரிவில் இருந்த மேல்காட்டில் பந்தாட்டம் என்றால் இரண்டே பெயர்கள்தான். ஒன்று, வெடுக்கன் என்ற கருமந்தி. இன்னொன்று, நிதானி என்ற உடும்பு.

காட்டின் நடுவே ஒரு மருதமரம் விழுந்து கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஆலம்பாலைத் திரட்டி உருட்டிய பந்து மரத்துக்கு மேலே பறக்கும். வெடுக்கன் பாக்குமட்டையால் அடிப்பான். நிதானி வாலால் அடிப்பாள். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று தீர்ப்புச் சொல்ல ஆந்தையார் கிளையில் உட்கார்ந்திருப்பார்.

ஆடுகிறவர்கள் இருவரும் குணத்தில் எதிரும் புதிரும். ஒரு பந்தைத் தவறவிட்டால் போதும், வெடுக்கன் மட்டையைத் தூக்கி எறிவான். தன் வாலைத் தானே இழுத்துக்கொள்வான். "உள்ளே விழுந்ததை வெளியே என்கிறீரே! கண்ணைத் திறந்து பாரும் ஐயா!" என்று ஆந்தையாரிடம் மல்லுக்கு நிற்பான். நிதானிக்கோ ஜெயித்தாலும் ஒரே முகம், தோற்றாலும் ஒரே முகம். நாக்கை ஒருமுறை வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

பார்க்க வந்த கூட்டமும் இரண்டாகப் பிரிந்து நின்றது.

"ஆட்டம் என்றால் வெடுக்கன் ஆட்டம்! ரத்தம் கொதிக்க வேண்டாமா?" என்று காட்டுப்பன்றி உறுமும்.

"கொதிக்க அது என்ன உலையா? நிதானியின் வால் சுழல்கிற அழகைப் பார்!" என்று மயில் அகவும்.

ஆட்டம் முடிந்தாலும் இவர்கள் சண்டை முடியாது.

பங்குனியில் ஒருநாள் வெடுக்கனின் சொந்தபந்தம் எல்லாம் ஆட்டம் பார்க்க வந்திருந்தது. அன்றைக்கென்று பார்த்து நிதானி அவனை இங்கும் அங்கும் ஓட விட்டு ஜெயித்தாள். அவனுடைய மச்சான் எல்லார் காதிலும் விழும்படி, "என்ன மாப்பிள்ளை, பந்தடிக்கச் சொன்னால் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டுவிட்டான்.

வெடுக்கனுக்கு மானம் போனது. மறுநாள் ஒரு கிளையில் குந்தி, கீழே பாறையில் கிடந்த நிதானியை முறைத்துக்கொண்டே இருந்தான். காலையில் அவள் கல்லோடு கல்லாகக் கிடந்தாள். எறும்பு மூக்கின் மேல் ஏறியது. அதையும் தட்டிவிடவில்லை. வெயில் ஏறி முதுகு சூடான பிறகுதான் மெல்லக் கால் அசைந்தது. பிறகு வால். பிறகு ஒரே ஓட்டம்!

வெடுக்கன் தொடையில் தட்டிக்கொண்டான். "ஓகோ! வெயில் காய்ந்தால்தான் அம்மணிக்கு உடம்பு வேலை செய்யுமோ!"

நேரே ஆந்தையாரிடம் போனான். அவன் குரலில் தேன் வழிந்தது.

"ஐயா, பட்டப்பகலில் ஆடி உங்களை வதைக்கிறோமே! பாவம், உங்கள் கண் எப்படிக் கூசுகிறது! இனி விடிகாலையில் ஆடினால் என்ன?"

ஆந்தையாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இவ்வளவு நாளில் என் கண்ணைப் பற்றி விசாரித்தவன் நீ ஒருவன்தான்! அப்படியே ஆகட்டும்!"

அடுத்த ஆட்டம் பனி மூடிய விடிகாலையில் நடந்தது. நிதானி ஊர்ந்து வந்து நின்றாள். பந்து வந்தது. அவள் வாலைத் தூக்க நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பந்து அவளைத் தாண்டிப் புதருக்குள் போய்விட்டது. அடுத்த பந்தும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

"ஜெயித்தேன்! ஜெயித்தேன்!" என்று வெடுக்கன் மரத்துக்கு மரம் தாவினான். மச்சான் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான்.

அதற்குப் பிறகு ஆடியதெல்லாம் வெடுக்கன் ஜெயித்தான். ஆனால் ஒன்றை அவன் எதிர்பார்க்கவில்லை. கூட்டம் குறையத் தொடங்கியது. காட்டுப்பன்றி ஆட்டத்தின் நடுவே குறட்டை விட்டது. மயில் வருவதையே நிறுத்திவிட்டது. எல்லோரும் ஓடைக்கரையில் நண்டுகள் சண்டை போடுவதைப் பார்க்கப் போனார்கள். கடைசியில் நிதானியும் வரவில்லை. பாறையை விட்டு இறங்கவே இல்லை.

வேறு வழியில்லாமல் வெடுக்கன் முள்ளம்பன்றியை ஆடக் கூப்பிட்டான். பந்து போய் முள்ளில் குத்திக்கொண்டது. அதைப் பிடுங்கப் போன வெடுக்கனின் விரலிலும் முள் ஏறியது. பிறகு அவன் ஆடவே இல்லை. சும்மா உட்கார்ந்து தின்றதில் தொந்திதான் விழுந்தது.

இந்த நேரத்தில் தண்ணீர்த்துறையில் ஒரு வம்பு கிளம்பியது. கீழ்க்காட்டு மான் ஒன்று, "எங்கள் நீர்நாயும் நாரையும் ஆடுகிற ஆட்டம்தான் ஆட்டம்! அப்படி ஒரு போட்டி ஜோடி எங்கும் இல்லை!" என்றது.

மேல்காட்டுப் பன்றிக்குப் பொறுக்குமா? "எங்கள் வெடுக்கன், நிதானியைப் பார்த்துவிட்டுப் பேசு!" என்று பாய்ந்தது.

வாய்ச்சண்டை கைகலப்பாகும் சமயத்தில் முறக்காதி என்ற யானை தண்ணீர் குடிக்க வந்தாள். இரண்டு காடுகளிலும் மேய்கிறவள். யார் பக்கமும் சாயாதவள்.

"எல்லையில் நிற்கிற நாவல்மரம் யாருக்கு என்று வருஷாவருஷம் அடித்துக்கொள்கிறீர்கள். இந்த முறை இப்படி வைத்துக்கொள்வோம். இரண்டு ஜோடியும் என் முன்னால் ஆடட்டும். நான் மூங்கில் தின்றுகொண்டே பார்ப்பேன். எந்த ஆட்டத்தைப் பார்த்து மூங்கிலை மெல்ல மறக்கிறேனோ, அந்தக் காட்டுக்குத்தான் இந்த வருஷத்துப் பழம் முழுவதும்!" என்றாள்.

மேல்காடு முழுவதும் வெடுக்கனிடம் ஓடி வந்தது. முந்தைய வருஷம் ஒரு பழம்கூடக் கிடைக்காமல் குட்டிகளெல்லாம் அழுதது எல்லோருக்கும் நினைவிருந்தது. வெடுக்கனும் மார்பைத் தட்டிக்கொண்டு, "நான் இருக்கும்போது என்ன கவலை!" என்றான்.

நேரம் குறிக்க நீர்நாயும் நாரையும் வந்தன. நீர்நாய் பலே கில்லாடி. ஓடையில் முங்கிக் கிடந்தபடி விடிகாலை ஆட்டம் ஒன்றை முன்பே பார்த்து வைத்திருந்தது.

"விடிகாலையில் உங்கள் வெடுக்கனை அசைக்க ஆளே இல்லையாமே! அந்த நேரத்துக்கே வைத்துக்கொள்வோம். முதலில் உங்கள் ஆட்டம். பிறகு எங்கள் ஆட்டம்!" என்று சொல்லி நாரையைப் பார்த்துக் கண்ணடித்தது.

"நல்ல நேரம்!" என்று ஆந்தையார் தலையாட்டிவிட்டார்.

வெடுக்கன் கணக்குப் போட்டான். விடிகாலை ஆட்டத்தை அவன் நிச்சயம் ஜெயிப்பான். ஆனால் அதைப் பார்த்து யானை மெல்ல மறக்காது. தூங்கித்தான் போகும்! வேண்டாம் என்று சொல்லலாம் என்றால், ஏன் என்று கேட்பார்களே! வாயை மூடிக்கொண்டு பாறைப் பக்கம் நடந்தான்.

"நிதானி, சௌக்கியமா?"

"வெயில் அடிக்கிறது. சௌக்கியம்தான்."

வெடுக்கன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு படபடவென்று கொட்டிவிட்டான். "குளிர்ந்தால் உனக்கு உடம்பு அசையாது என்று தெரிந்துதான் ஆட்டத்தை விடிகாலைக்கு மாற்றினேன்!"

"தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"முதல் நாளிலிருந்து."

"பின்னே ஏன் வாயைத் திறக்கவில்லை?"

"குளிரில் திறந்தால்தானே! வெயில் வந்து திறந்தபோது நீ மச்சான் தோளில் ஆடிக்கொண்டிருந்தாய். தோற்றுவிட்டு, குளிர்ந்தது என்று நாலு பேர் முன்னால் அழச் சொல்கிறாயா? அது எனக்குப் பிடிக்காது."

வெடுக்கன் தரையைப் பார்த்தான். அவளை இத்தனை நாளாகக் கல் என்று நினைத்திருந்தான். அந்தக் கல்லுக்கும் வலித்திருக்கிறது.

"நாவல்பழத்துக்காக ஒருமுறை வா, நிதானி" என்றான்.

"நாவல்பழம் எனக்கு எதற்கு? நான் முட்டை தின்கிறவள். ஆனால் உன் மட்டையிலிருந்து வருகிற பந்து இல்லாமல் எனக்கும் பொழுது போகவில்லை. முள்ளம்பன்றியோடு நீ ஆடினாயே, அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன்."

"நீயா! சிரித்தாயா!"

"உள்ளுக்குள்."

வெடுக்கன் சட்டென்று நிமிர்ந்தான். "எங்கள் கூட்டத்துக்கு உடம்பெல்லாம் ரோமம். நாங்கள் எல்லோரும் சேர்ந்து உன்னை அணைத்துக்கொண்டால் சூடு வந்துவிடுமே!"

நிதானி நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டாள். "வரும். ஆனால் ஏன் அணைக்க வேண்டும் என்று உன் கூட்டத்திடம் நீயேதான் சொல்ல வேண்டும்."

வெடுக்கன் போய்ச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் காது இரண்டும் சிவந்துவிட்டன. "அடப்பாவி! ஊரெல்லாம் உன் பெருமை பேசினேனே! இனி எந்த முகத்தோடு போவேன்?" என்று அவன் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். மச்சான் மட்டும், "உடும்பையா? கட்டிப்பிடிக்கவா? நானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

போட்டி நாள். கிழக்கு வெளுக்கும் முன்பே கருமந்திக் கூட்டம் நிதானியின் மேல் குவிந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு ரோமக் குன்று. அதன் நுனியில் ஒரு வால்.

"யார் அது, என் காலைக் கட்டிக்கொண்டு தூங்குவது?" என்று உள்ளிருந்து நிதானியின் குரல் வந்தது.

"நான்தான், வெடுக்கனின் மச்சான்."

"உன் பேன் என்னைக் கடிக்கிறது."

"என் வயிற்றை உன் நகம் கீறுகிறது. நான் ஏதாவது சொன்னேனா?"

வெடுக்கன் அவள் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு கிடந்தான். தன்னைத் தோற்கடிக்கப் போகிற வாலுக்கு அவனே சூடேற்றிக்கொண்டிருந்தான். நினைக்க அவனுக்கே சிரிப்பு வந்தது.

முறக்காதி மூங்கில் கட்டோடு வந்து நின்றாள். கறுக் கறுக் என்று மெல்லத் தொடங்கினாள். ஆந்தையார் கூவினார். ஆட்டம் ஆரம்பம்!

நிதானியின் வால் சுழன்றது. பந்து வெடுக்கனின் காதோரம் விர்ரென்று பறந்தது. நீர்நாய் வாயைப் பிளந்தது. "இவள் எப்படி இந்தக் குளிரில்..." என்று இழுத்தது. மயில் தோகையை விரித்துவிட்டது. காட்டுப்பன்றிக்குத் தூக்கம் பறந்தது.

இவன் அடிக்க, அவள் திருப்ப, அவள் அடிக்க, இவன் பாய ஆட்டம் சூடு பிடித்தது. ஆனால் யானை மெல்வது நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து மேகம் இறங்கியது. நிதானியின் உடம்பில் மந்திகள் ஏற்றிய சூடு வடியத் தொடங்கியது. வால் தளர்ந்தது. வெடுக்கன் அடுத்தடுத்து ஜெயித்தான். இன்னும் ஒரே பந்து, ஆட்டம் அவனுடையது.

அந்தப் பந்தையும் அடித்தான். கோட்டுக்கு உள்ளே ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"உள்ளே! வெடுக்கனுக்கு..." என்று ஆந்தையார் தொடங்கினார்.

"வெளியே!" என்று அலறினான் வெடுக்கன். "என்ன ஐயா தீர்ப்பு இது! அது வெளியே விழுந்தது! கண் இருக்கிறதா, இல்லையா?"

"அடேய், உனக்குச் சாதகமாகத்தானே சொல்கிறேன்!"

"யாருக்குச் சாதகமாக இருந்தால் எனக்கென்ன! தப்பு தப்புதான்! இறங்கி வந்து பாரும்! மோந்து பாரும்! மண்ணைத் தொட்டுப் பாரும்!"

மட்டையை எறிந்தான். வாலை இழுத்துக்கொண்டான். கோட்டில் படுத்துப் புரண்டான். புரண்டதில் கோடும் அழிந்தது, பந்து விழுந்த தடமும் அழிந்தது. ஆந்தையார் இறகைச் சிலுப்பிக்கொண்டு எதிர்வாதம் செய்தார். வாழ்நாளில் யாரும் இப்படி ஒரு சண்டையைப் பார்த்ததில்லை. மேகம் கலைந்தது. சூரியன் முகட்டுக்கு மேல் வந்தது. நிதானியின் முதுகில் வெயில் விழுந்தது. அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வெடுக்கன் இன்னும் கொஞ்சம் புரண்டான்.

"சரி, சரி! வெளியேதான்! எழுந்து ஆடித் தொலை!" என்று ஆந்தையார் களைத்துப்போய்ச் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததுதான் ஆட்டம்! நிதானி ஒவ்வொரு பந்தாக ஜெயித்து அவனுக்குச் சமமாக வந்தாள். பந்து மரத்துக்கு மேலே போனது, வந்தது, போனது, வந்தது. வெடுக்கன் தொந்தியைத் தூக்கிக்கொண்டு பறந்தான். எட்டவே எட்டாது என்று தோன்றிய பந்தை எட்டினான். நிதானி மண்ணோடு சறுக்கி அதையும் திருப்பினாள். காட்டில் ஒரு சத்தமில்லை. கறுக் கறுக் சத்தமும் இல்லை. முறக்காதியின் வாயிலிருந்து பாதி மூங்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் நிதானியின் வால் ஒரு வீசு வீசியது. பந்து வெடுக்கனின் மட்டை நுனியை உரசிக்கொண்டு கோட்டுக்குள் விழுந்தது. நிதானி ஜெயித்துவிட்டாள். வெடுக்கன் மட்டையை வானத்துக்கு எறிந்தான். பிறகு மருதமரத்தைத் தாண்டிக் குதித்து, யாரும் சொல்லாமலே அவளை மறுபடி கட்டிப்பிடித்தான்.

"விடு, இப்போது வெயில் அடிக்கிறது" என்றாள் நிதானி. ஆனால் விலகவில்லை.

நீர்நாயும் நாரையும் அடுத்து ஆடின. ஆட்டத்தின் நடுவே நீர்நாயின் கண்ணில் மண் விழுந்தபோது, நாரை ஓடிவந்து அலகால் எடுத்துவிட்டுத் திரும்பப் போய் ஆடியது. நல்ல ஆட்டம்தான். முடிந்ததும் எல்லோரும் யானையைப் பார்த்தார்கள்.

"இவர்களும் அருமையாகத்தான் ஆடினார்கள். ஆனால் என் வயிறு நிறைந்துவிட்டது" என்றாள் முறக்காதி. அவள் கொண்டுவந்த மூங்கிலில் ஒரு குருத்துகூட மிச்சமில்லை!

அந்த வருஷம் மேல்காட்டில் எந்தக் குட்டியைப் பார்த்தாலும் நாக்கு ஊதா நிறம். மரத்தடியில் பன்றியும் மயிலும் வாய் நிறையப் பழத்தோடு, வெடுக்கனா நிதானியா, யார் பெரியவர் என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வெடுக்கன் அந்தப் பக்கமே போகவில்லை. தொந்தியைக் கரைக்க மலையேறி இறங்கிக்கொண்டிருந்தான்.

எதிராளியின் பலத்தைக் கெடுத்து ஜெயிக்கிறவன் தன் ஆட்டத்தையும் சேர்த்தே கெடுத்துக்கொள்கிறான். நமக்குச் சமமாக நிற்கிற ஒருவர்தான் நம்மைப் பெரியவராக்குகிறார்.